வளவுக்குள்ளேயே கைவேலை: தாய்மார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முல்லைத்தீவு மாவட்டத்து முத்தையன்கட்டுப் பக்கத்தில் பதினேழு வருடம் முன்பள்ளி ஆசிரியையாக இருந்தேன். இப்போது வீட்டோடுதான். ஆனாலும் சனி, ஞாயிறு பின்னேரங்களில் அயலட்டைப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் விறாந்தையில் வந்து குந்திவிடுவார்கள். அவர்களின் தாய்மார் படலையில் நின்று கேட்பவை, சந்தையில் மறித்துக் கேட்பவை, போனில் கேட்பவை எல்லாம் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் நோகாமல் இருக்க எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

கடையில் என்னென்ன வாங்க வேண்டும், ரீச்சர்?

நாலு பொருள் காணும். நுனி மொட்டையான கத்தரிக்கோல் ஒன்று, பிறிஸ்டல் போட் இரண்டு மூன்று, ரிசு பேப்பர் (பட்டம் ஒட்டும் மெல்லிய நிறத்தாள்) இரண்டு நிறத்தில், ஒரு பெட்டி பஸ்டல். கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ எந்தப் புத்தகக்கடைக்குப் போனாலும் இவை இருக்கும். பக்கத்தில் சின்னப் பைகளில் மினுக்கத் தூள், ஒட்டுக் கண், பளபளப்பு நூல் எல்லாம் தொங்கும். பிள்ளை அதைத்தான் கேட்டு அடம்பிடிக்கும். வாங்கிக் கொடுத்தால் விளையாட்டு ஒரு நாளோடு முடிந்துவிடும். தூள் மட்டும் ஒரு மாதம் பாயில் கிடந்து மினுங்கும்.

கத்தரிக்கோலில் மட்டும் காசு பார்க்க வேண்டாம். மழுங்கின கத்தரிக்கோலைப் பிள்ளை முழுப் பலத்தோடும் அழுத்தும், அது வழுக்கி விரலில் ஏறும். இன்னொன்று: இடக்கைப் பிள்ளைக்குச் சாதாரணக் கத்தரிக்கோல் வெட்டாது. பேப்பர் மடிந்து நடுவில் சிக்கும். பிள்ளைக்குக் கை வரவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். இடக்கைக்கென்று செய்தது கிடைத்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் கையால் கிழித்து ஒட்டுகிற வேலைகளைக் கொடுங்கள். கிழித்த விளிம்பு வெட்டின விளிம்பைவிட வடிவாகவும் இருக்கும், முக்கியமாக மலைக்கும் முகிலுக்கும்.

வெள்ளைத்தாள் வாங்கவே வேண்டாம். 2022இல் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே தள்ளிப்போட்டார்கள், ஞாபகம் இருக்கிறதா? அந்த வருடம் தொடங்கிய பழக்கம்: ஒருபக்கம் வெறுமையாக இருக்கும் எந்தத் தாளும் எங்கள் வீட்டில் குப்பைக்குப் போகாது. பழைய கொப்பி, கல்யாணக் கார்ட், கோயில் நோட்டீஸ் எல்லாம் ஒரு பிஸ்கற் பெட்டிக்குள் போய்விடும்.

அப்போ வீட்டில் எதையெல்லாம் சேர்த்து வைப்பது?

சிரட்டை, தீப்பெட்டி, சோடா மூடி, யோகட் கப், பால்மா ரின், பழைய சேலைக்கரை, சட்டையிலிருந்து கழன்ற பொத்தான், ஈர்க்கு, புளியங்கொட்டை, கடற்கரைக்குப் போனால் சோகியும் சிப்பியும். ஒரு உரப்பையை நன்றாக அலசிக் காயவைத்து அதற்குள் போட்டுக் கட்டித் தூக்கிவிடுங்கள்.

சிரட்டையையும் ரின்னையும் முற்றத்தில் நிமிர்த்திப் போட்டு வைக்காதீர்கள். மாரி தொடங்கினால் அரைச் சிரட்டைத் தண்ணீரே டெங்கு நுளம்புக்குக் காணும். சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தால் பேச்சும் வாங்க வேண்டும். கவிழ்த்து வையுங்கள், அல்லது கூரைக்குக் கீழே வையுங்கள்.

கிருமிநாசினிப் போத்தலை எத்தனை தரம் கழுவினாலும் பிள்ளையின் கையில் கொடுக்காதீர்கள். வயல்செய்கிற வீடுகளில் அது வடிவான நிறத்தில், திருகு மூடியோடு, கேட்பாரற்றுக் கிடக்கும். பிள்ளைக்கு அதைப் பார்த்தவுடன் றொக்கெட் செய்யத்தான் தோன்றும். கண்ட இடத்தில் எடுத்து ஒதுக்கிவிடுங்கள்.

முந்தி நாங்கள் பூவெட்ட எடுக்கும் பிளாஸ்டிக் கரண்டி, ஸ்ரோ எல்லாம் 2023 அக்டோபர் தொடக்கம் இலங்கையில் தடை. யோகட் கப்புக்கு விலக்கு உண்டு. ஸ்ரோ வேண்டிய இடத்தில் பப்பாசி இலைக் காம்பை வெட்டிக் கொடுங்கள். பிளாஸ்டிக் ஸ்ரோவைவிடத் தடிப்பம், சவர்க்காரக் குமிழி விட அதுதான் திறம். பால் வடிந்து முடியட்டும், கழுவிவிட்டுக் கொடுங்கள். ஊதத்தான், உறிஞ்ச அல்ல என்று முதலே சொல்லிவிடவும் வேண்டும்.

கம் போத்தல் ஒரு கிழமையில் முடிகிறது. வீட்டில் பசை காய்ச்சலாமா?

தாராளமாக. இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மாவை அரைக் கப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். ஒன்றரைக் கப் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, கரைத்த மாவை மெல்ல ஊற்றி ஊற்றித் துழாவுங்கள். வெள்ளைப் பால் போல இருந்தது கொஞ்சம் கண்ணாடித்தன்மை வந்து அகப்பையில் ஒட்டினால் இறக்கிவிடலாம். அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டால் இரண்டு நாள் புளிக்காமல் இருக்கும். அதற்கு மேல் வைத்தால் மணக்கும், கரப்பானும் வரும்.

முந்தி இந்தப் பசைக்குத் துருசு போடுவார்கள், பூச்சி அரிக்காது என்று. துருசு நஞ்சு. சின்னப் பிள்ளை விரலை வாயில் வைக்காமல் பசை பூசியதாக இந்த உலகத்தில் சரித்திரம் இல்லை, ஆகவே வேண்டாம்.

நறுவிலி மரம் பக்கத்தில் இருந்தால் காய்ச்சும் வேலையும் மிச்சம். பழத்தைப் பிதுக்கினால் வரும் சளி போன்ற பசை கடதாசிக்கு நன்றாகப் பிடிக்கும். எங்கள் காலத்தில் கொப்பி உறை ஒட்டினது அதில்தான். பட்டத்துக்குச் சோற்றுப் பருக்கையும் போதும். மரத்துக்கும் சிரட்டைக்கும் மட்டும் கடைப்பசை தேவை; அதை நீங்களே பூசிக் கொடுங்கள்.

விளையாட்டு மாக்களி வீட்டில் செய்ய முடியுமா? நிறத்துக்கு என்ன செய்வது?

ஒரு கப் கோதுமை மா, அரைக் கப் தூள் உப்பு, ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் அல்லது தேங்காயெண்ணெய், ஒரு மேசைக்கரண்டி தேசிப்புளி, ஒரு கப் தண்ணீர். எல்லாவற்றையும் தாச்சியில் போட்டு மெல்லிய நெருப்பில் கிண்டுங்கள். களி திரண்டு தாச்சியை விட்டுக் கழன்றால் சரி. ஆறவிட்டுப் பிசைந்து மூடியுள்ள ரின்னில் போட்டால் ஒரு கிழமை, சில நேரம் இரண்டு கிழமை இருக்கும். பிள்ளை கொஞ்சம் தின்றுபார்க்கும், உப்பு என்று துப்பிவிடும். ஆனால் நாய்க்கும் ஆட்டுக்கும் எட்டாமல் வையுங்கள். அவ்வளவு உப்பு அவற்றுக்குக் கூடாது.

நிறம்தான் இதில் சுவையான பகுதி. மஞ்சளுக்கு மஞ்சள்தூள். கத்தரிப்பூ நிறத்துக்குப் பசளிப்பழம்: வேலியில் படர்ந்திருக்கும் கறுத்தப் பழத்தை நசித்தால் கை முழுக்கச் சாயம். சிவப்புக்கு பீற்றூட், ஆனால் அடுப்பில் வைக்கும்போதே சேர்த்தால் நிறம் மங்கி மண்ணிறமாகும், கடைசியில் பிசையும்போது சேருங்கள்.

சங்குப்பூவை ஒருதரம் பிள்ளைகளோடு இருந்து செய்யுங்கள். பத்துப் பதினைந்து நீலப் பூவைச் சுடுதண்ணீரில் போட்டால் தண்ணீர் கடும் நீலமாகும். இரண்டு யோகட் கப்பில் அதை ஊற்றி, ஒன்றில் தேசிக்காயைப் பிழியச் சொல்லுங்கள். பிழிந்த கையை எடுக்கும் முன்னரே நீலம் ஊதாவாகும், இன்னும் பிழிந்தால் இளஞ்சிவப்பு. மற்றதில் ஒரு சிட்டிகை அப்பச்சோடா போட்டால் பச்சை கலந்த நீலமாகத் திரும்பும். புளிப்புக்கும் காரத்துக்கும் நிறம் மாறுகிற பொருள் பூவுக்குள் இருக்கிறது, அவ்வளவுதான் விளக்கம். ஆனால் எங்கள் விறாந்தையில் இதைச் செய்த அன்று ஒரு ஐந்து வயதுப் பெண்பிள்ளை மூன்று தேசிக்காயையும் முடித்துவிட்டு, “ரீச்சர், பூ பயந்திட்டுது” என்று சொன்னாள். எனக்கு அந்த விளக்கமே பிடித்திருந்தது.

மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும், ஆரத்தித் தட்டில் பார்த்திருப்பீர்கள். சுண்ணாம்பை நீங்கள் தொடுங்கள், பிள்ளையிடம் கொடுக்க வேண்டாம், கண்ணில் பட்டால் ஆபத்து.

பனையோலையில் சின்னப் பிள்ளைகளுக்கு என்ன செய்ய ஏலும்?

பெட்டியும் கடகமும் உடனே வராது. பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி பின்னுகிற என் மாமியார் ஐம்பது வருடமாகப் பின்னுகிறார், இன்னும் மூலை திருப்பும்போது வாயை மூடிக்கொள்வார். பிள்ளைகளிடம் அந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது.

தொடங்க வேண்டியது காற்றாடி. இரண்டு விரல் அகலம், ஒரு சாண் நீளத்தில் ஓலைத்துண்டு ஒன்று. ஈர்க்கை நீக்கிவிடுங்கள். இரண்டு நுனியையும் எதிர் எதிர்ப் பக்கமாக மெல்ல முறுக்கி, நடுவில் ஒரு உடைமுள்ளைக் குத்தி, முள்ளைப் பப்பாசிக் காம்பில் செருகுங்கள். ஓலைக்கும் காம்புக்கும் நடுவில் ஒரு நூல் அளவு இடைவெளி இருக்க வேண்டும், இறுகினால் சுற்றாது. பிடித்துக்கொண்டு வரம்பில் ஓடினால் சர்ரென்று சுற்றும். ஓடும் கையில் முள் இருக்கிறதே என்று கேட்பீர்கள். நுனியை நகவெட்டியால் நறுக்கிவிடுங்கள்.

அடுத்தது பிளா. கூழும் பதநீரும் குடிக்கும் ஓலைக் கோப்பை. ஓலைத்துண்டைக் குவித்து இரண்டு நுனியையும் சேர்த்துக் கட்டினால் முடிந்தது. ஒழுகினால் ஓலை வெடித்திருக்கிறது, வேறு ஓலை எடுங்கள். பிள்ளை தான் செய்த பிளாவில் வெறும் தண்ணீரைக் குடித்தாலும் இரண்டு பிளா குடிக்கும்.

பின்னலுக்கு வரும்போது பாய்ப்பின்னலில் நாலுக்கு நாலு தடுக்கு ஒன்று போதும். குருத்தோலையை இரண்டு மூன்று நாள் வெயிலில் போட்டு, வார்ந்து, பின்னும் முன் ஈரத்துணியில் சுற்றி வைக்க வேண்டும். காய்ந்த ஓலையில் பின்னினால் முறியும், விளிம்பு கையை வெட்டும். பனை அபிவிருத்திச் சபை 1978இல் தொடங்கிய காலத்திலிருந்து பன்னவேலைப் பயிற்சிகள் நடக்கின்றன. உங்கள் ஊரிலும் அப்படிப் பழகிய ஒரு அக்கா கட்டாயம் இருப்பார். அவரிடம் ஒரு பின்னேரம் பிள்ளையைக் கூட்டிப்போங்கள். எழுத்தில் படித்துப் பின்னல் பழகினவரை நான் கண்டதில்லை.

நுங்குக் காலத்தில் இதெல்லாம் தேவையே இல்லை. குடித்து முடித்த இரண்டு கோம்பை, நடுவில் ஒரு தடி, தள்ள ஒரு கவர்த்தடி. வண்டில் தயார்.

குளத்துக் களிமண் எடுக்கலாமா? செய்த மாடு ஏன் வெடிக்கிறது?

கோடையில் தண்ணீர் வற்றி அலைகரை காய்ந்து கிடக்கும்போது, நீங்கள் கூடப் போய், கரையிலிருந்து எடுங்கள். பிள்ளைகளைத் தனியே அனுப்ப வேண்டாம். எங்கள் குளங்களில் முதலை இருக்கிறது, சேறும் காலை இழுக்கும்.

வெடிப்புக்குக் காரணம் மூன்று. மண்ணில் கல்லும் வேரும் இருந்திருக்கும். அல்லது போதாமல் பிசைந்திருப்பீர்கள். அல்லது வெயிலில் வைத்திருப்பீர்கள். வெயிலில் வெளிப்புறம் முதலில் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும், அதனால் பிளக்கும். நிழலில், ஈரச்சாக்கு மூடி, இரண்டு நாள் மெல்லக் காயவிடுங்கள். மண் மிகவும் பசையாக இருந்தால் ஒரு பிடி குறுமணல் சேருங்கள். காலைத் தனியே உருட்டி ஒட்டினால் கழன்று விழும். ஒட்டும் இரண்டு பக்கத்தையும் ஈர்க்கால் கீறி, மண்கரைசல் தொட்டு அமத்த வேண்டும். இன்னும் சுகமான வழி, ஒரே உருண்டையிலிருந்து நாலு காலையும் இழுத்தெடுப்பது. பட்டிப்பொங்கலுக்கு என் பேரன் இப்படி ஒரு சோடி செய்தான். மாட்டைவிட நீர்யானைச் சாயல்தான். கொம்புக்கு உடைமுள்ளைக் குத்தியபிறகு எல்லோரும் மாடென்று ஒப்புக்கொண்டோம்.

சூளையில் சுடாத மண் மழைபட்டால் மண்தான். பிள்ளைக்கு இதை முதலே சொல்லிவிடுங்கள்.

காட்டுப்பக்கம் விதையும் தடியும் பொறுக்கப் போகலாமா?

இதில் நான் கொஞ்சம் கடுமை.

விதைகளில் குன்றிமணி, அலரி விதை, ஆமணக்கங்கொட்டை, ஊமத்தங்காய் நாலும் வேண்டவே வேண்டாம். குன்றிமணி சிவப்பும் கறுப்புமாகக் கண்ணைப் பறிக்கும், பழைய கிலுகிலுப்பைகளுக்குள் அதைப் போட்டிருப்பார்கள். ஆனால் கடித்தோ துளைத்தோ உள்ளே போனால் கடும் நஞ்சு. மாலை கோக்க ஊசியால் குத்துவதும் ஆபத்து. அதற்குப் பதிலாக மஞ்சாடி, புளியங்கொட்டை, வேப்பங்கொட்டை. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை வீட்டில் இருந்தால் அவையும் வேண்டாம், மூக்குக்குள் போகும். என் அனுபவத்தில் வேப்பங்கொட்டைக்கு மூக்கென்றால் தனி ஆசை.

இரண்டாவது, இரும்பு. போர் நடந்த எங்கள் நிலத்தில் கண்ணிவெடி அகற்றும் வேலை பல வருடம் நடந்தது, மிதிவெடித் தடை உடன்படிக்கையிலும் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. ஆனாலும் மழைக்குப் பிறகு மண் கழுவுப்பட்டால் என்ன மேலே வரும் என்று யாருக்குத் தெரியும்? மண்டையோட்டுப் பலகை உள்ள பக்கம் கால் வைக்கக் கூடாது. மற்ற இடத்திலும் கறள்பிடித்த ரின், குழாய், வயர் துண்டு, வடிவான பிளாஸ்டிக் மூடி எதுவானாலும் தொடாமல், காலால் தட்டாமல், வந்த தடத்திலேயே திரும்பிவந்து பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். பெரியவர்கள் கிராம அலுவலரிடமோ 119 இலக்கத்துக்கு அழைத்துப் பொலிஸிடமோ சொல்ல வேண்டும். பொறுக்கப் போகும் முன் ஒவ்வொரு முறையும் இதைப் பிள்ளைகளைக்கொண்டே சொல்லவையுங்கள். நான் சொன்னால் கேட்பார்கள், தாங்கள் சொன்னால் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

பட்டம் கட்டினோம், எழும்பவில்லை. எங்கே பிழை?

பெரும்பாலும் முச்சையில்தான், அதாவது ஏற்றும் நூலைக் கட்டப் பட்டத்தில் போடும் நூல்முடிச்சில். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலுக்கு ஏற்றுகிற பட்டங்களைப் பார்த்துவிட்டு வந்து பிள்ளைகள் கொக்குப் பட்டமும் பெட்டிப் பட்டமும் கேட்பார்கள். முதலில் நாலுமூலைப் பட்டம் ஒன்றைச் சரியாக ஏற்றட்டும்.

ரிசு பேப்பரில் ஒன்றரைச் சாண் சதுரம். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு நேரான ஈர்க்கு. மற்ற இரண்டு மூலைக்கும் வளைத்த ஈர்க்கு. ஈர்க்கின் நடுவை விரலில் வைத்துப் பாருங்கள். ஒருபக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்தைச் சுரண்டி மெல்லிதாக்குங்கள். இதைச் செய்யாமல் விட்டால் பட்டம் வாழ்நாள் முழுக்க ஒரு பக்கமாகவே குத்தும்.

முச்சைக்கு இரண்டு இடத்தில் நூல்: ஈர்க்குகள் குறுக்கிடும் இடத்தில் ஒன்று, வால் பக்கத்து மூலைக்குக் கொஞ்சம் மேலே ஒன்று. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டு அதில் ஏற்றும் நூலைக் கட்டுங்கள். பட்டம் பின்னுக்குச் சாய்ந்து இழுத்துக்கொண்டு எழும்பாமல் நின்றால் முடிச்சை ஒரு விரல் மேலே நகர்த்துங்கள். படபடத்து முன்னுக்குக் கவிழ்ந்தால் கீழே இறக்குங்கள். சுழன்று சுழன்று விழுந்தால் வால் காணாது. பழைய சேலைக்கரையில் பட்டத்தின் நீளத்தைப் போல ஐந்தாறு மடங்கு கட்டுங்கள்.

வெறும் தையல் நூல் போதும். தங்கூசி என்கிற நைலோன் நூலை ரோட்டுக் கரையில் விடாதீர்கள், மோட்டார் சைக்கிளில் வருபவரின் கழுத்துக்கு அது கத்தி. மின்கம்பியில் சிக்கினால் பட்டம் போனது போனதுதான், தடி எடுத்துக் குத்தக் கூடாது. அறுவடை முடிந்த வயல்வெளியை விட நல்ல இடம் கிடையாது.

மாரியில் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும்போது?

தாயக்கட்டம். காட்போட் மட்டையில் ஐந்துக்கு ஐந்து கட்டம் கீறி, நாலு புளியங்கொட்டையை ஒருபக்கம் சிமெந்துத் தரையில் தேய்த்து வெள்ளை தெரிய வையுங்கள். தேய்க்கும்போது விரல் சுடும், அதற்காகவே பிள்ளைகள் தேய்ப்பார்கள். எறிந்தால் எத்தனை வெள்ளையோ அத்தனை அடி. நாலும் கறுப்பென்றால் எட்டு என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. உங்கள் அம்மம்மாவிடம் கேட்டால் வேறு கணக்குச் சொல்வார். சண்டை வரும், வரட்டும்.

யோகட் கப் இரண்டின் அடியில் துளையிட்டு நூல் கோத்துத் தீக்குச்சியில் முடிந்தால் தொலைபேசி. நூல் தொய்யாமல், எதிலும் முட்டாமல் இழுபட்டிருந்தால் மட்டும் குரல் கேட்கும்.

ஒன்றை மட்டும் மாரியில் தொடங்காதீர்கள்: கடதாசிக்கூழ்ப் பெட்டி. கிழித்த பத்திரிகையை மூன்று நாள் ஊறவைத்து, உரலில் இடித்து, ஊறவைத்து அரைத்த வெந்தயம் ஒரு பிடி சேர்த்து, கவிழ்த்த சட்டியின் மேல் துணி போட்டு அப்பி, வெயிலில் காயவிட்டுக் கழற்றுவது. கோடையில் நாலு நாளில் கல்லுப் போலாகும். நான் ஒருமுறை கார்த்திகையில் அப்பிவிட்டு, பூஞ்சணம் பிடித்த சட்டியைப் பத்து நாள் அடுப்படியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளை போனை விட்டு இறங்குவதில்லை. கைவேலை என்றால் சிணுங்குகிறது.

போனைப் பறித்துவிட்டுக் கத்தரிக்கோலைக் கொடுத்தால் கைவேலை தண்டனையாகிவிடும். நீங்கள் முதலில் தொடங்குங்கள், பிள்ளையைக் கூப்பிடாமல். ரின்னில் பலூனை இழுத்துக்கட்டி மேளம் அடித்தால் எந்தப் பிள்ளை உள்ளே இருக்கும்?

பெரிய பையன்களுக்கு வேறு ஒன்று. தொண்ணூறுகளில் போர்க்காலப் பொருளாதாரத் தடையால் பற்றரி வராத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து, டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டோம். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு விளக்கு எரித்தோம். இதைக் கதையாகச் சொன்னால் காதில் ஏறாது. பழைய டைனமோ ஒன்றையும் 6 வோல்ற் பல்ப் ஒன்றையும் கொடுத்துப் பாருங்கள். மிதியைக் கையால் சுற்றச் சுற்ற வெளிச்சம் கூடும், விட்டால் அணையும். என் மருமகளின் தம்பி அன்று இரவு சோற்றுக்குக் கூட உள்ளே வரவில்லை.

லண்டனிலிருந்து பிள்ளைகள் ஓகஸ்டில் வருகிறார்கள். அவர்களுக்கு இதெல்லாம் பிடிக்குமா?

இங்குள்ள பிள்ளைகளைவிடப் பிடிக்கும். அவர்களுக்குத் தமிழ் தட்டுத்தடுமாறும், எங்கள் பிள்ளைகளுக்கு வெட்கம். பூவரசமிலைப் பீப்பீ இரண்டையும் தீர்க்கும். தளிரிலையின் காம்பைக் கிள்ளி, இறுகச் சுருட்டி, ஒரு நுனியை மெல்ல நசித்து ஊதினால் வாத்துக் கத்துவது போலச் சத்தம். பேச்சே தேவையில்லை. பெரியம்மா மத்தியானம் படுக்க முடியாமல் பேசுவார், அதைச் சமாளிக்க வேண்டும்.

திரும்பிப் போகும்போது ஓலைச்சாமான்களைப் பெட்டியில் வைக்கும் முன் அந்த நாட்டு விதியைப் பாருங்கள். விதை, மண், காயாத ஓலை எல்லாம் விமான நிலையத்தில் மறிக்கக்கூடும்.

திருநாட்களுக்கு என்ன செய்யலாம்?

நத்தாருக்குப் பாலன் குடில்: வைக்கோல் கூரை, களிமண் ஆடு, ஈர்க்கும் ரிசு பேப்பரும் கொண்ட நட்சத்திரக் கூடு. குருத்தோலை ஞாயிறு முடிந்து வந்த ஓலையில் பிள்ளைகள் சிலுவை பின்னுவார்கள். கார்த்திகை விளக்கீட்டுக்கு வாழைக்குற்றியில் பப்பாசிக்காயைப் பாதியாக வெட்டிக் குடைந்து வைத்தால் சிட்டிக்குப் பதில் விளக்கு. வெசாக் கூட்டை வவுனியாவில் பார்த்து வந்து கேட்டால் அதே நட்சத்திரக் கூட்டின் முறைதான். ரிசு பேப்பருக்குள் மெழுகுதிரி வேண்டாம், சின்ன மின்சூள் வையுங்கள்.

தோரணம் பின்னுவதென்றால் ஒரு எச்சரிக்கை. நல்ல காரியத்துக்கும் செத்தவீட்டுக்கும் மடிப்பு வேறு. ஒரு பிறந்தநாள் வீட்டில் பிள்ளைகள் ஆசையாகப் பின்னிக் கட்டியதைப் பார்த்து வாசலிலேயே ஒரு அப்பு திகைத்து நின்றுவிட்டார். தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டுக் கட்டுங்கள்.

பிள்ளை பாதியில் விட்டுவிட்டுப் போகிறது. மிச்சத்தை நான் முடித்துக் கொடுக்கலாமா?

வேண்டாம். அப்படியே வையுங்கள். இரண்டு நாளில் திரும்பி வரும், வராவிட்டால் அது அவ்வளவுதான்.

நானும் இதில் பிழைவிட்டவள். 2009இல் போரால் இடம்பெயர்ந்து செட்டிக்குளம் முகாமில் இருந்தபோது பக்கத்துக் கூடாரத்துப் பையன் மீன்ரின்னில் வண்டில் செய்துகொண்டிருந்தான், சோடா மூடிதான் சில்லு. ஒரு சில்லு நேராக வரவில்லை. நான் வாங்கி, கல்லால் தட்டி நிமிர்த்தி, நேராக்கிக் கொடுத்தேன். நன்றி சொன்னான். பிறகு அந்த வண்டிலை அவன் உருட்டி நான் காணவேயில்லை. அடுத்த நாள் வேறு ரின் தேடிக்கொண்டு நின்றான்.

பள்ளிக்கூடத்தில் கைப்பணிக்குப் புள்ளி குறையும் என்று சில அம்மாமார் இரவிரவாகத் தாங்களே செய்து அனுப்புவது எனக்குத் தெரியும். நான் புள்ளி போட்ட காலத்திலும் தெரிந்தது.

செய்து முடித்தவற்றை எங்கே வைப்பது? வீடு நிரம்புகிறது.

ஓலைச் செத்தைச் சுவரில் ஒரு கயிறு கட்டி உடுப்புக்குத்தியில் படங்களைத் தொங்கவிடுங்கள், புதியது வந்தால் பழையது இறங்கும். எதை இறக்குவது என்று பிள்ளையே சொல்லட்டும். ஓலைச்சாமான்களைப் புகைபடும் இடத்தில் வைத்தால் பூச்சி அரிக்காது. மாக்களியில் செய்து காயவைத்தவற்றை மாரியில் வைத்திருக்க முடியாது, உப்பு ஈரத்தை இழுத்துக் கசியும். களிமண் மாட்டுச் சோடியைக் கூரை இறப்பில் சொருகி வைத்திருந்தோம். போன மாரியில் ஒன்று கரைந்து சுவரோடு வழிந்துவிட்டது. மற்றது கொம்போடு இன்னும் இருக்கிறது, பேரன் வந்தால் முதலில் அதைத்தான் எட்டிப் பார்ப்பான்.